பூட்டில்லாத அறையில் முந்நூறு பலகைகள்

ஆஸ்திரியாவின் டிரோல் மாநிலத்தில், ஸ்டூபாய் மலைகளுக்குள், கடல்மட்டத்திலிருந்து 2147 மீட்டர் உயரத்தில் ஃப்ரான்ஸ் சென் ஹூட்டெ என்றொரு மலைவிடுதி இருக்கிறது. நூற்றைம்பது பேருக்கு மேல் படுக்கலாம். பனிக்காலத்தில் அங்கே கார் போகாது. பள்ளத்தாக்கின் கடைசி வீடுகளைத் தாண்டியதும் சாலை பனிக்குள் புதைந்துவிடும். அதற்கு மேல் இரண்டரை, மூன்று மணி நேரம் காலை நம்பித்தான் ஏற வேண்டும். ஆனாலும் மார்ச் மாதச் சனிக்கிழமை இரவுக்குக் கடைசி நேரத்தில் இடம் கேட்டுப் பாருங்கள், ஒரு மூலைகூட மிஞ்சியிருக்காது.

அத்தனை பேரும் ஈரத்தோடு வந்து சேர்கிறார்கள். ஆளுக்கு இரண்டு நீளப் பலகைகள், இரண்டு கோல்கள், ஒரு ஜோடி கனத்த பூட்ஸ், ஒரு முதுகுப்பை. பைக்குள் பனிவாரியும் கயிறும் இரும்பு முட்களும். எல்லாவற்றின் மேலும் பனி. உள்ளே கொண்டுவந்த பத்தாவது நிமிடம் அது தண்ணீர். இத்தனை ஆட்களையும் இத்தனை சாமான்களையும் ஒரே கூரைக்குள் அடக்கி, காயவைத்து, தூங்கவைத்து, விடியும் முன்பே ஒருவர் பொருள் இன்னொருவரோடு போய்விடாமல் வெளியே அனுப்பிவைக்கிறார்கள். மலையைப் பார்க்கத்தான் போனேன். ஆனால் என்னை வாய்பிளக்க வைத்தது இந்த ஏற்பாடுதான்.

என்னைக் கூட்டிப் போனவன் அக்கா மகன். ம்யூனிக்கில் பொறியாளனாக இருக்கிறான். வார நாள்களில் கணினி, வார இறுதியில் மலை. "மாமா, நீங்க சறுக்கவெல்லாம் வேண்டாம். பனிக்காலணி வாங்கித் தர்றேன், மெதுவா நடந்து வாங்க. விடுதியில உக்காந்து சனங்களைப் பாருங்க, உங்களுக்கு அதுதானே பிடிக்கும்" என்றான். என்னை நன்றாகத்தான் புரிந்து வைத்திருக்கிறான். பனிக்காலணி என்பது பூட்ஸுக்கு அடியில் கட்டிக்கொள்ளும் அகலமான சட்டம். உடம்பின் பாரத்தைப் பரப்பிக் கொடுப்பதால் இடுப்பளவுப் பனியிலும் கால் அதிகம் புதையாது.

இன்ஸ்ப்ருக் நகரிலிருந்து நொய்ஷ்டிஃப்ட் வரை பேருந்து. அதிலும் பலகைகளோடு கூட்டம்தான். ஆனால் அவர்களில் பெரும்பாலோர் வேறு சாதி. பள்ளத்தாக்கின் முடிவுவரை போய், கம்பிவட வண்டியில் பனியாற்றின் மேல் ஏறி, நாளெல்லாம் சறுக்கி இறங்கி, மறுபடி வண்டி ஏறி, மாலையில் ஓட்டலுக்குத் திரும்புகிறவர்கள். நாங்கள் போன ஓபர்பெர்க் பள்ளத்தாக்கில் வண்டியும் இல்லை, வடமும் இல்லை. சாமான் ஏற்றுவதற்கென்று ஒரு சிறிய கம்பிவடம் மட்டும் ஓபெரிஸ் என்ற மேய்ச்சல் நிலத்திலிருந்து விடுதிக்குப் போகிறது. மனிதர்கள் ஏறித்தான் ஆக வேண்டும்.

பலகையை மாட்டிக்கொண்டு எப்படி மேட்டில் ஏற முடியும் என்று நானும் யோசித்ததுண்டு. பலகையின் அடியில் நீளவாக்கில் ஒரு பட்டையை ஒட்டிக்கொள்கிறார்கள். அந்தக் காலத்தில் அது கடல்நாயின் தோல். இன்று அங்கோரா ஆட்டின் மயிர் அல்லது நைலான். மயிர் ஒரே திசையில் படிந்திருப்பதால் பலகை முன்னால் வழுக்கிப் போகும், பின்னால் வழுக்காது. உச்சிக்குப் போனதும் பட்டையை உரித்துச் சுருட்டிப் பைக்குள் வைத்துக்கொண்டு சறுக்கி இறங்குகிறார்கள். மூன்று மணி நேரம் மூச்சு வாங்க ஏறிய மலையை இருபது நிமிடத்தில் இறங்கிவிடுகிறார்கள். இந்தக் கணக்கு யாருக்கும் நஷ்டமாகத் தெரிவதில்லை.

விடுதியின் முகப்பை அடைந்ததும் முதலில் வரவேற்றது துடைப்பம். வாசலிலேயே நின்று பூட்ஸிலும் கால்சட்டையிலும் பலகையிலும் ஒட்டிய பனியை அடித்துத் தட்டிவிட்டுத்தான் உள்ளே கால் வைக்க வேண்டும். வெளியே விட்ட பனி பனியாகவே இருக்கும். உள்ளே வந்த பனி எல்லாருடைய காலுறையையும் நனைக்கும். விடுதியின் மற்ற விதிகளெல்லாம் இந்த ஒன்றின் கிளைகள்தான் என்பது போகப் போகத் தெரிந்தது.

அடுத்தது பலகை அறை. சூடு இல்லாத, சிமெண்டுத் தரை போட்ட அறை. சுவரோரம் மரச்சட்டங்கள். பட்டையை உரித்த பிறகு இரண்டு பலகைகளையும் அடிப்பக்கம் அடிப்பக்கத்தோடு சேரும்படி வைத்து, ஒரு நாடாவால் கட்டி, நிமிர்த்தி நிறுத்துகிறார்கள். கட்டாமல் சாய்த்து வைத்தால் ஒன்று சரியும், அது பக்கத்து ஜோடியைத் தள்ளும், அப்புறம் சுவர் முழுக்கச் சரிந்து விழும். கோல்களின் வளையத்தைப் பலகை முனையில் மாட்டிவிட வேண்டும். பனிக்கோடரி, கிராம்பான் எனப்படும் இரும்பு முள்சட்டம் போன்ற கூரான எதுவும் இந்த அறையைத் தாண்டி உள்ளே வரக்கூடாது. மரத்தரையும் கம்பளியும் சக மனிதர்களின் தொடையும் கிழிந்துவிடும் என்பதுதான் காரணம்.

அறைக்குப் பூட்டு இல்லை. சட்டத்துக்கும் பூட்டு இல்லை. அன்றைக்கு மாலை அங்கே நின்ற பலகைகளில் பலவும் ஒரு மாதச் சம்பளத்தின் கணிசமான பகுதியை விழுங்கியவை. மருமகனிடம் கேட்டேன். அவன் சிரித்தான். "கீழ பெரிய சறுக்கு மையங்கள்ல மத்தியானச் சாப்பாட்டுக்கு உணவகத்துக்குள்ள போறப்ப என்ன பண்ணுவோம் தெரியுமா மாமா? என்னோட ஒரு பலகையும் நண்பனோட ஒரு பலகையும் சேர்த்து ஒரு இடத்துல நட்டு வைப்போம். மிச்ச ரெண்டையும் தள்ளி இன்னொரு இடத்துல வைப்போம். திருடனுக்குப் பொருந்தாத ஜோடி எதுக்கு? இங்க அதையெல்லாம் யாரும் செய்யறதில்ல."

மேலே வந்ததும் மனிதர்கள் புனிதர்களாகிவிடுகிறார்கள் என்று நான் நம்பவில்லை. இரண்டு காரணங்கள் தோன்றின. முதலாவது, திருடினால் தூக்கிக்கொண்டு ஓட வழி இல்லை. ஒரே பள்ளத்தாக்கு, ஒரே தடம், கண்ணில் படுகிறவர்கள் எல்லாம் விடுதியில் தங்கியிருப்பவர்கள். இரண்டாவதுதான் கனமானது. கீழே பலகை தொலைந்தால் பணம் நஷ்டம், அவ்வளவுதான். இங்கே பலகை தொலைந்தவர் நெஞ்சளவுப் பனியில் எட்டு, பத்து கிலோமீட்டர் இறங்கியாக வேண்டும். சறுக்கு மையத்தில் அது பொருள். இங்கே அது கால். இன்னொருவர் காலை எடுத்துக்கொண்டு போகிற துணிச்சல் திருடனுக்கும் எளிதில் வராது.

திருட்டைவிட அவர்கள் பயப்படுவது மாறிப்போவதற்குத்தான். பூட்ஸ் வைக்கும் அறையில் அது நன்றாகப் புரிந்தது. வாடகைக்கு எடுத்த பூட்ஸ்கள் எல்லாம் ஒரே நிறுவனம், ஒரே நிறம். விடிகாலை ஐந்து மணிக்கு, தூக்கக் கலக்கத்தில், மங்கிய வெளிச்சத்தில் ஒருவர் அடுத்தவர் பூட்ஸில் காலை நுழைத்துக்கொண்டு போய்விட்டால், உரிமையாளர் அவர் திரும்பும்வரை விடுதியிலேயே கிடக்க வேண்டியதுதான். அதனால் அனுபவசாலிகள் பூட்ஸில் நிறக் கயிறு கட்டியிருந்தார்கள், பெயர் எழுதியிருந்தார்கள், ஒருவர் பழைய குழந்தைக் காலுறையைத் தொங்கவிட்டிருந்தார். வைத்த இடத்தை மாற்றக்கூடாது என்பது எழுதாத சட்டம். பக்கத்தில் இடம் பற்றவில்லை என்று அடுத்தவர் ஜோடியை அரையடி நகர்த்தினாலும், நகர்த்தியவர் உரியவரைத் தேடிப் போய்ச் சொல்லிவிட்டு வருகிறார்.

பூட்ஸைக் கழற்றிய கால்களுக்கு விடுதியின் செருப்புகள். பாட்ஷன் என்கிறார்கள். கம்பளியிலும் ரப்பரிலும் செய்த, எண் பார்த்து எடுத்துக்கொள்ள வேண்டிய பொதுச் செருப்புகள். அவற்றை மாட்டிக்கொண்ட பிறகு மருத்துவரும் மரத்தச்சரும் பேராசிரியரும் ஒரே மாதிரி தரையைத் தேய்த்துக்கொண்டு நடக்கிறார்கள். தாமதமாக வருகிறவர்களுக்கு எண் பொருந்தாது. ஆறடிக்காரர் ஒருவர் விரல்நுனியில் பெண்கள் அளவுச் செருப்பைக் கோத்துக்கொண்டு இரவு முழுக்கத் தத்தித் தத்தி நடந்ததை யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

விடுதியில் உண்மையான தட்டுப்பாடு உலர்த்தும் அறையில்தான். வெப்பக் காற்று சுற்றிவரும் சிறிய அறை. கூரையிலிருந்து கொக்கிகள், கம்பிகள். பூட்ஸின் உள்ளுறையைத் தனியே உருவி எடுத்து அங்கே வைக்க வேண்டும். கையுறை, பட்டை, மேல்சட்டை எல்லாம் அங்கேதான். ஒரு கொக்கியில் ஒரு பொருள் என்று ஆளுக்கு இரண்டு, மூன்று கொக்கிகளுக்கு மேல் எடுத்துக்கொள்வதில்லை. காய்ந்துவிட்டால் உடனே எடுத்துவிட வேண்டும், ஏனென்றால் எட்டு மணிக்கு வருகிறவர் அந்தக் கொக்கிக்காகக் காத்திருப்பார். பட்டைகளின் பசைப் பக்கத்தை உள்ளே மடித்து ஒன்றோடொன்று ஒட்டித்தான் தொங்கவிடுகிறார்கள். விரித்துப் போட்டால் அடுத்தவர் கம்பளி நூல் முழுக்க அதில் ஒட்டிக்கொள்ளும். கணப்புக்கு நேர் மேலே போட்டாலோ பசை இளகி, மறுநாள் பாதி மலையில் பட்டை கழன்று விழும். ஈரக் காலுறையைச் சாப்பாட்டு அறைக் கணப்பின் மேல் காயப்போடுவது பெரும் பாவம். அதற்கு விளக்கம் தேவையில்லை, மூக்கே சொல்லிவிடும்.

எல்லாவற்றையும் களைந்து வைத்த பிறகு ஒரே ஒரு பொருளை மட்டும் ஒவ்வொருவரும் தன்னோடு படுக்கைக்குக் கொண்டுபோனதைப் பார்த்தேன். உள்ளங்கையில் அடங்கும் ஒரு கருவி. பனிச்சரிவில் புதைந்தால் இருக்குமிடத்தைக் காட்டிக் கொடுப்பது அதுதான். 457 கிலோஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஓயாமல் துடித்துக்கொண்டிருக்கும். தப்பியவர்கள் தங்கள் கருவியைத் தேடும் நிலைக்கு மாற்றி, துடிப்பு வரும் திசையில் ஓடி, நீளக் கம்பியால் குத்திப் பார்த்து, வாரியால் தோண்டுவார்கள். புதைந்தவர் உயிரோடு கிடைக்கும் வாய்ப்பு முதல் பத்து, பதினைந்து நிமிடங்களுக்குப் பிறகு செங்குத்தாகச் சரிகிறது. மீட்புக் குழு வரும்வரை காத்திருக்க அங்கே நேரமே கிடையாது. கூட வந்தவன்தான் மீட்புக் குழு. அவனுடைய வாரி பையில் இருக்கிறதா, அவனுடைய மின்கலம் தீரவில்லையா என்பதெல்லாம் என் உயிர் சம்பந்தப்பட்ட கேள்விகள். சாமான்களை அடுக்கி வைப்பதில் இவர்கள் காட்டும் கறார்த்தனத்தின் வேர் இங்கே இருக்கிறது என்று நினைக்கிறேன். உன் பொருள் உனக்கு மட்டும் சொந்தமில்லை, ஆபத்து வந்தால் அது எனக்கானது.

விடுதிக்குப் பெயர் தந்த ஃப்ரான்ஸ் சென் ஒரு பாதிரியார். 1831இல் பக்கத்து ஓட்ஸ் பள்ளத்தாக்கில் பிறந்தவர். 1860இல் வென்ட் என்ற மிக உயரமான, மிக ஏழையான கிராமத்துக்குப் பூசை செய்யப் போனார். பனியும் கல்லும் தவிர வேறு விளைச்சல் இல்லாத ஊர். மலையேற வரும் நகரத்துக்காரர்களால் இந்த ஊருக்குப் பிழைப்பு வரும் என்று அவருக்குத் தோன்றியது. தன் வீட்டிலேயே பயணிகளைத் தங்கவைத்தார். விவசாயிகளை வழிகாட்டிகளாகப் பழக்கினார். பாதைகள் போட்டார், அதற்காகக் கடனாளியும் ஆனார். 1869இல் ம்யூனிக்கில் ஜெர்மன் ஆல்ப்ஸ் சங்கம் தொடங்கியபோது அதை நிறுவியவர்களில் அவரும் ஒருவர். கடைசிக் காலத்தில் இந்த நொய்ஷ்டிஃப்டில்தான் பங்குத் தந்தையாக இருந்து 1884இல் இறந்தார். அடுத்த ஆண்டே இந்த விடுதியைக் கட்டி அவர் பெயரை வைத்தார்கள். பனியாற்றுப் பாதிரியார் என்று இன்றும் அவரைச் சொல்கிறார்கள்.

ஆஸ்திரிய, ஜெர்மன் ஆல்ப்ஸ் சங்கங்கள் இரண்டிலும் சேர்த்து இன்று இருபது லட்சத்துக்கு மேற்பட்ட உறுப்பினர்கள். இரண்டுக்கும் சேர்த்து ஐந்நூறுக்கும் மேற்பட்ட விடுதிகள். லாபம் முதல் நோக்கமில்லை என்பது உள்ளே நுழைந்ததுமே தெரிகிறது. உறுப்பினருக்குப் படுக்கைக் கட்டணம் குறைவு. மலையேறுவோர் சாப்பாடு என்று வயிறு நிறைய ஒரு தட்டைச் சகாய விலைக்குத் தருகிறார்கள். வெந்நீர் மட்டும் வாங்கிக்கொண்டு சொந்தத் தேயிலையைப் போட்டுக் குடிக்கலாம், யாரும் முகம் சுளிப்பதில்லை. நான் பாலாடைக்கட்டி உருண்டைகள் மிதக்கும் சூப்பும், பிய்த்துப் போட்ட இனிப்புத் தோசை மாதிரியான கைசர்ஷ்மார்னும் சாப்பிட்டேன். சைவக்காரருக்குப் பட்டினி இல்லை.

சாப்பாட்டு அறையில் நினைத்த இடத்தில் உட்கார முடியாது. விடுதிக்காரர் மேசையைச் சொல்லுவார். எட்டுப் பேர் மேசையில் நாங்கள் இருவர், டிரெஸ்டனிலிருந்து வந்த ஒரு குடும்பம், இரண்டு இத்தாலியர்கள், தனியாக வந்த ஒரு மூதாட்டி. முதுகுப்பையைக் காலடியில் வைக்கக்கூடாது, பரிமாறுகிறவர் தடுக்கி விழுவார். தலைக்கவசத்தையும் சட்டையையும் நாற்காலியில் போட்டு இல்லாத நண்பனுக்கு இடம் பிடிக்கக்கூடாது. சாப்பிட்டு முடித்தவுடன் தட்டுகளை மேசை ஓரத்துக்கு நகர்த்தி அடுக்கித் தர வேண்டும். ஆயிரம் மீட்டருக்கு மேலே 'நீங்கள்' கிடையாது, எல்லாரும் 'நீ'தான் என்பது ஆல்ப்ஸ் மரபு. எழுபதைத் தாண்டிய அந்த மூதாட்டியை மருமகன் 'நீ' என்று கூப்பிட்டபோது எனக்குத்தான் நாக்கு கூசியது.

மாலை ஐந்து மணிக்கு அறையின் இரைச்சல் சட்டென்று குறைந்தது. டிரோலின் பனிச்சரிவு எச்சரிக்கை அறிக்கை வருகிற நேரம். ஐந்து படிகள் கொண்ட அளவுகோலில் நாளைக்கு எத்தனை, எந்தத் திசைச் சரிவில் ஆபத்து, எந்த உயரத்துக்கு மேல் என்று ஒவ்வொரு மேசையிலும் வரைபடம் விரிந்தது. சாப்பாடு முடிந்ததும் விடுதியின் பதிவேடு கைமாறியது. பெயர் மட்டும் எழுதினால் போதாது, மறுநாள் எங்கே போகப்போகிறோம் என்பதையும் எழுத வேண்டும். ரூடர்ஹோஃப்ஷ்பிட்ஸ, 3474 மீட்டர். லிசென்ஸர் ஃபெர்னர்கோகெல், 3298 மீட்டர். ஒருவர் திரும்பாவிட்டால் எந்த மலையில் தேடுவது என்று அந்த ஒரு வரிதான் சொல்லும். கையெழுத்துப் புரியாமல் எழுதுவதுகூட அங்கே மரியாதைக் குறைவு.

படுக்கை அறைக்கு லாகர் என்று பெயர். சுவர் முதல் சுவர் வரை ஒரே மேடை, அதன் மேல் வரிசையாக மெத்தைகள், இரண்டு அடுக்கு. முகூர்த்தத்துக்கு முந்தின நாள் இரவு கல்யாண மண்டபத்தில் ஜமக்காளம் விரித்து உறவுக்காரர்களோடு நெருக்கியடித்துப் படுத்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது. ஒரே வித்தியாசம், இங்கே இரண்டு பக்கமும் படுத்திருப்பவர்களின் பெயர்கூடத் தெரியாது. ஆளுக்கு ஒரு கம்பளி உண்டு. அதைத் தினமும் துவைக்கத் தண்ணீரும் இல்லை, வெயிலும் இல்லை. அதனால் மெல்லிய துணியாலோ பட்டாலோ தைத்த உறை ஒன்றை அவரவர் கொண்டுவந்து அதற்குள் நுழைந்துகொண்டு மேலே கம்பளியைப் போர்த்திக்கொள்ள வேண்டும். கொண்டுவராதவர் விடுதியில் விலைக்கு வாங்கியாக வேண்டும், உறையில்லாமல் படுக்க விடமாட்டார்கள்.

இரவு 10 முதல் காலை 6 வரை அமைதி நேரம். ஆனால் உச்சிக்குப் போகிறவர்கள் ஐந்து மணிக்கே எழ வேண்டும். வெயில் ஏறி பனி இளகும் முன் சரிவுகளைக் கடந்தாக வேண்டும். இந்த இரண்டுக்கும் நடுவில்தான் விடுதி வாழ்க்கையின் நுட்பமான நாகரிகம் இருக்கிறது. படுக்கும் முன்பே பையைக் கட்டி வெளியே நடைவழியில் வைத்துவிடுகிறார்கள். மறுநாள் உடுத்தும் துணி தலைமாட்டில் ஒரே சுருளாக இருக்கும். பிளாஸ்டிக் பைகளை உள்ளேயே கொண்டுவருவதில்லை. நிசப்தமான இருட்டில் ஒரு பிளாஸ்டிக் பை நாற்பது பேரை எழுப்பிவிடும். நெற்றி விளக்கைத் தரையைப் பார்த்துத் திருப்பிச் சிவப்பு வெளிச்சத்தில் வைக்கிறார்கள். அலாரம் கிடையாது, கை அதிர்வு மட்டும். குறட்டைக்கு மட்டும் எந்தச் சங்கத்தாலும் விதி போட முடியவில்லை. அதற்குக் காதடைப்பான்தான். ஜன்னலைத் திறப்பதா மூடுவதா என்ற பூசலும் தீராதது. அன்று இரவு டிரெஸ்டன்காரர் திறந்தார், யாரோ மூடினார், மறுபடி யாரோ திறந்தார். ஒரு வார்த்தைகூடப் பேசாமல் விடியும்வரை அந்த விவாதம் நடந்தது.

நடைவழிச் சுவரில் விடுதி விதிகள் சட்டமிட்டுத் தொங்குகின்றன. ஆபத்தில் இருப்பவருக்கும் மீட்புப் பணியில் இருப்பவருக்கும் முதலிடம், அப்புறம்தான் உறுப்பினர், மற்றவர். எத்தனை நெரிசலானாலும் புயலில் வந்து கதவைத் தட்டுகிறவரைத் திருப்பி அனுப்பக்கூடாது. படித்தபோது மனசு நிறைந்தது. ஆனால் இதே சங்கங்களின் வரலாறு முழுக்க இந்த வாசகம்போல் இல்லை. 1921இல் வியன்னாவின் மிகப் பெரிய கிளை யூதர்களுக்கு இடமில்லை என்று விதி கொண்டுவந்தது. வெளியே தள்ளப்பட்டவர்களும் அவர்களுக்குத் துணை நின்றவர்களும் டோனாவ்லாண்ட் என்று தனிக் கிளை தொடங்கினார்கள். 1924இல் அந்தக் கிளையையே சங்கம் நீக்கியது. யூதர்களுக்கு வரவேற்பில்லை என்று பலகை மாட்டிய விடுதிகள் இருந்தன. இட்லர் ஆட்சிக்கு வர அப்போது இன்னும் எட்டு, ஒன்பது ஆண்டுகள் இருந்தன. கீழேயிருந்து யாரும் கட்டாயப்படுத்தவில்லை, மலைக்காரர்கள் தாமாகவே செய்தார்கள்.

சங்கத்தின் பெர்லின் கிளையிலிருந்து விலகியவர்கள் ஸில்லர் பள்ளத்தாக்கின் உயரத்தில் ஃப்ரீஸன்பெர்க்ஹவுஸ் என்ற விடுதியைத் தங்களுக்கென்று கட்டினார்கள். நாஜிக்கள் காலத்தில் அதுவும் பறிபோனது. 2003 முதல் அது வெறுப்புக்கும் சகியாமைக்கும் எதிரான சர்வதேச மையமாக இருக்கிறது. இதையெல்லாம் தெரிந்துகொண்டுதான் அந்தச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருந்தேன். அங்கே கறுத்த முகங்கள் எங்கள் இருவருடையவை மட்டும்தான். மூதாட்டி ரொட்டிக் கூடையை என் பக்கம் நகர்த்தியபோது, அது தானாக அமைந்த இயல்பு என்று என்னால் எடுத்துக்கொள்ள முடியவில்லை. செருப்பை எங்கே வைப்பது, பையை எங்கே மாட்டுவது என்ற விதிகளை எழுதிய அதே கை, யார் உள்ளே வரலாம் என்ற விதியையும் எழுதக்கூடும். ஒழுங்கு என்பது கருவி. அது யார் பக்கம் நிற்கிறது என்பதை ஒவ்வொரு தலைமுறையும் மறுபடி தீர்மானிக்க வேண்டியிருக்கிறது.

விடிகாலையில் நான் கீழே இறங்கி, ஒரு மூலையில் நின்று, புறப்பாட்டைப் பார்த்தேன். ரொட்டியும் காப்பியும் நின்றபடியே முடிந்தன. கம்பளிகள் மடித்து அடுக்கப்பட்டுவிட்டன. சில விடுதிகளில் கம்பளியின் ஒரு ஓரத்தில் கால்பக்கம் என்று பின்னியே வைத்திருப்பார்களாம், நேற்று ஒருவர் காலை மூடிய பகுதி இன்று இன்னொருவர் முகத்தை மூடாமலிருக்க. உலர்த்தும் அறையில் ஐம்பது கைகள் கொக்கிகளுக்கு நீண்டன. ஒருவர் தன் உள்ளுறையை எடுக்கும்போது மேலே தொங்கிய அடுத்தவர் கையுறை விழுந்தது. எடுத்துத் தட்டி, அதே கொக்கியில், அதே பக்கம் பார்த்து மாட்டினார். பலகை அறையில் முண்டுவதில்லை. உள்ளே நின்று மாட்டிக்கொள்ளாமல், ஜோடியைத் தோளில் தூக்கி வெளியே கொண்டுபோய் அங்கேதான் மாட்டுகிறார்கள். தோளில் பலகையோடு திரும்பும்போது பின்னால் இருப்பவர் பல் போகாமல் பார்த்துத் திரும்புவதே ஒரு கலை.

வாசலுக்கு வெளியே ஒவ்வொரு குழுவிலும் ஒருவர் கொஞ்ச தூரம் முன்னால் போய் நின்றார். மற்றவர்கள் ஒவ்வொருவராக இடைவெளி விட்டு அவரைக் கடந்து போனார்கள். கடக்கும்போது அவர் கையிலிருந்த கருவி ஒலித்தது. இவர் துடிக்கிறார், அடுத்தவர் துடிக்கிறார். கடைசியில் அவருடைய கருவியை இன்னொருவர் சோதித்தார். ஒருவருடைய கருவி ஒலிக்காவிட்டால் குழு முழுக்க நிற்கும். ஏழு மணிக்குள் பலகை அறை காலி. என்னைப் போன்ற ஓரிருவரும் சமையல்காரர்களும் மட்டும் மிஞ்சினோம். ஒரு கையுறைகூட அநாதையாகக் கிடக்கவில்லை.

மத்தியானம் மருமகன் முகம் சிவந்து திரும்பி வந்தான். கீழே இறங்கும் முன் விடுதியை ஒட்டியிருந்த ஒரு தனிக் கதவைக் காட்டினான். வேலைக்காரர்கள் எல்லாரும் இறங்கிப்போய், சமையலறை பூட்டப்பட்டுக் கிடக்கும் மாதங்களுக்கென்று இந்த மலைகளின் விடுதிகள் பலவற்றில் குளிர்கால அறை என்று ஒன்று உண்டு. சில இடங்களில் அது திறந்தே இருக்கும். மற்ற இடங்களில் சங்கத்தின் பொதுச்சாவி வேண்டும். உறுப்பினர் வைப்புத்தொகை கட்டிக் கடன் வாங்கிக்கொள்ளலாம். உள்ளே நாலைந்து படுக்கை, கம்பளி, ஓர் அடுப்பு, விறகு, கோடரி. பார்த்துக்கொள்ள ஆள் கிடையாது. தங்கியவர் படிவத்தில் பெயரெழுதி, கட்டணத்தைப் பெட்டியில் போட்டுவிட்டோ பிறகு வங்கி வழியாக அனுப்பிவிட்டோ போக வேண்டும். பெருக்க வேண்டும். குப்பையைத் தன் பையிலேயே கீழே கொண்டுபோக வேண்டும். எரித்த அளவுக்கு விறகு பிளந்து, உலர்ந்ததாக, அடுப்புக்குப் பக்கத்தில் அடுக்கி வைக்க வேண்டும். நள்ளிரவில் விரல் மரத்து வருகிறவனுக்கு அப்போது கோடரி பிடிக்கக் கை வராது.

"யாருமே இல்லாத இடத்துல விறகு பொளக்காம போனா யாருடா கேக்கப் போறா?" என்றேன்.

"போன ஜனவரியில நாங்க வேற ஒரு விடுதியில ராத்திரி பதினோரு மணிக்குப் போய்ச் சேர்ந்தோம் மாமா. பொளந்த விறகு அடுக்கியிருந்துச்சு. அவன் யாருன்னு எனக்கு இன்னைக்கு வரைக்கும் தெரியாது" என்று சொல்லிவிட்டுப் பலகையை மாட்டக் குனிந்தான். நூற்றைம்பது பேர் பார்க்க, இடிபடாமல் நடந்துகொள்வது பாதி மரியாதை, பாதி பயம். விறகு விஷயத்தில் அந்தப் பயம் கிடையாது. அதனால் அந்த விதியைத்தான் இந்த மலைகளின் மற்ற எல்லா விதிகளுக்கும் மேலே வைப்பேன்.